ஒன்பது விலாசத்தில் ஒரு கிரைண்டர்

மனுவில் எழுதியிருந்ததெல்லாம் உண்மை. அன்று காலையில் ராமாமணியின் காப்பி அப்படியே ஆறிப்போனதற்கு அதுதான் காரணம். பொய்யாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருப்பார்.

பெயர் போடாத மனு. 'சிங்காநல்லூரில் இயங்கும் மேற்படி நிறுவனத்தில் ஒரு டிரில்லிங் மெஷினும் ஒரு சாணை மெஷினும் தவிர வேறு இயந்திரம் கிடையாது. லேத் இல்லை. வார்ப்பு உலை இல்லை. மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வசதி இல்லை. கல் கொத்தும் இடமும் இல்லை. ஆகவே இவர் தயாரிப்பாளர் அல்ல, வெறும் வியாபாரி.' எழுதியவன் ஒருநாளாவது ஷெட்டுக்குள் வந்து போயிருக்க வேண்டும். மூலையில் சாக்குக்குப் பின்னால் கிடக்கிற சாணை மெஷினைக்கூட விடவில்லை.

மனுவின் நகலோடு துறையிலிருந்து ஒரு கடிதமும் வந்திருந்தது. வருகிற வியாழக்கிழமை ஆய்வு.

விஷயம் இதுதான். மத்திய அரசு நிதியில் நடக்கும் உறைவிடப் பள்ளிகளின் சமையலறைகளுக்கு இருநூற்று நாற்பது கிரைண்டர் வாங்க டெண்டர் விட்டிருந்தார்கள். பத்து லிட்டர், சாய்த்து மாவெடுக்கும் வகை. குறைந்த விலை சொன்னது வடக்கே ஒரு பெரிய கம்பெனி. ராமாமணி சொன்ன விலை அதைவிட நூற்றுக்குப் பன்னிரண்டு கூடுதல். ஆனால் சிறுதொழிலுக்கென்று ஒரு விதி இருக்கிறது. வித்தியாசம் பதினைந்து சதவீதத்துக்குள் இருந்து, அந்தக் குறைந்த விலைக்கே தருகிறேன் என்று சிறு நிறுவனம் ஒப்புக்கொண்டால், ஆர்டரில் கால்பங்கு அதற்கு. அந்த எல்லைக்குள் வந்த சிறு நிறுவனம் இவருடையது ஒன்றுதான். தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தாயிற்று. அறுபது கிரைண்டர்.

அந்தச் சலுகை செய்கிறவர்களுக்கு மட்டும்தான்; வாங்கி விற்கிறவர்களுக்குக் கிடையாது. வியாழக்கிழமை வருகிறவர் ராமாமணியை வியாபாரி என்று எழுதிவிட்டால் இந்த அறுபதும் போகும்; இனி எந்த டெண்டருக்கும் தயாரிப்பாளர் என்று சொல்லிக்கொண்டு போகவும் முடியாது.

"செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினா டிக்கெட்டை எடுத்துக் காட்டோணும். உன்ர கையில டிக்கெட்டே இல்லியே" என்றார் லட்சுமணசாமி. ராமாமணியின் வீட்டுக்காரர். முப்பது வருடம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். உலகத்தையே பஸ்ஸுக்குள் ஏற்றி இறக்கித்தான் யோசிப்பார்.

"டிக்கெட் இருக்குது. ஒம்போது எடத்துல கிழிஞ்சு கெடக்குது. அவ்வளவுதான்."

"கிழிஞ்ச டிக்கெட் செல்லாதும்மா."

"ஒட்டிக் காட்டறேன்."

வீட்டில் இருவரும் பேசுவது தெலுங்கு. வாக்குவாதம் முற்றினால் மட்டும் தமிழுக்கு மாறிவிடுவார்கள், நியாயம் யார் பக்கம் என்று தெருவுக்கும் தெரியட்டும் என்பதுபோல. அன்று காலை தமிழ்தான்.

ராமாமணிக்கு ஐம்பத்திரண்டு வயது. மில் லைன் வீட்டில் பிறந்தவர். அப்பா மில்லில் ஃபிட்டர். ப்ளஸ் டூ முடித்து, பத்தொன்பது வயதில் ஒரு கிரைண்டர் கம்பெனியில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தார். மூன்றாவது மாதம், பட்டறைகளுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கிற ஆள் சண்டை போட்டுக்கொண்டு நின்றுவிட, முதலாளி அவன் ஓட்டிய மொபெட்டின் சாவியை ராமாமணியின் மேசைமேல் வைத்தார். "ரெண்டு நாளைக்கு மட்டும் பாத்துக்கம்மா" என்றார். அந்த இரண்டு நாள் பதினான்கு வருடம் நீண்டது.

இந்த ஊரில் யாரும் ஒரு பண்டத்தை முழுசாகச் செய்வதில்லை. வார்ப்பு ஒரு தெருவில், கடைசல் அடுத்த தெருவில், மோட்டார் சுற்றுவது குளத்துப் பக்கம், பெயிண்ட் இன்னொருவர் கொட்டகையில். ஜாப் ஒர்க் என்பார்கள். சலான் எழுதி அனுப்பினால் பொருள் போகும், வேலை முடிந்து திரும்பி வரும். ஒரு கிரைண்டருக்கு உயிர் கொடுக்கும் எட்டுப் பேரில் பாதிப் பேர் மீதிப் பேரின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. எட்டுப் பேரையும் பார்த்தவர் மொபெட்டில் போன ராமாமணி மட்டும்தான். ஷாப்ட் ஒரு மயிரிழை தடித்தால் இருபதாவது நிமிடம் பேரிங் சுடும் என்பதைக் கடைசல்காரருக்குச் சொன்னது அவர். வார்ப்புக்குள் காற்று புகுந்திருந்தால் சுத்தியலால் தட்டும்போது சத்தம் அடைத்துக்கொள்ளும் என்பதைத் தெரிந்துகொண்டதும், அப்படிப்பட்ட புல்லியைத் திருப்பிக் கொண்டுபோய் உலை வாசலில் போட்டுவிட்டு வந்ததும் அவர்தான். ஓடுகிற டிரம்மின்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினால் எந்தப் பட்டறையில் பிசகு என்று சொல்லிவிடுவார்.

முதலாளிக்கு வயதான பிறகு மகன்கள் கன்டெய்னரில் வந்து இறங்குகிற மிக்ஸிகளுக்கு மாறினார்கள். கிரைண்டர் பிரிவை மூடினார்கள். பட்டறைகள் மூடவில்லை, எட்டும் அங்கேயேதான் இருந்தன. சேர்த்து வைக்க ஆளில்லை, அவ்வளவுதான். ராமாமணி நகையை அடகு வைத்து இருபதுக்கு முப்பது அடியில் ஒரு ஷெட் பிடித்தார். பொருத்துவதற்கு மூன்று பெண்கள். பதினெட்டு வருடமாக அந்த ஷெட்டிலிருந்துதான் கிரைண்டர்கள் கல்யாண மண்டபங்களுக்கும் மெஸ்களுக்கும் போகின்றன. வாசலில் பெயருக்குக் கீழே 'தயாரிப்பாளர்' என்று எழுதியிருக்கிறது. பெயிண்டர் அன்று 'விற்பனையாளர்' என்று எழுத வந்தவர். ராமாமணிதான் அவரை ஏணியிலிருந்து இறக்கி மாற்றி எழுத வைத்தார்.

மனு வந்த மறுநாளே மோகன்குமார் வந்தான். முப்பத்தைந்து வயது, கழுத்தில் புளூடூத். ஆய்வுக்கு ஏற்பாடு செய்து கொடுப்பது அவன் தொழில்.

"ஏனுங்க்கா, வெசனப்படாதீங்க. புதங்கிழமை பொழுதோட ஒரு லேத்து, ஒரு வைண்டிங் மெஷினு, சின்னதா ஒரு மில்லிங் மெஷினு, அல்லாத்தையும் லாரியில கொண்டாந்து எறக்கிப்போடறனுங்க. கரண்டு குடுத்து ஓட்டியே காட்டலாம். ரெண்டு ஆளு, நீலச் சட்டையோட. வெள்ளிக்கிழமை ஏத்திட்டுப் போயிருவன்."

"உன்ர லேத்துங்களா கண்ணு?"

"என்ர லேத்துதானுங்க. இந்த வருசத்துல மட்டும் பதினாலு கம்பெனிக்குச் சொந்த மெஷினு அது." மோகன்குமார் பெருமையாகச் சிரித்தான். "ஒரு கம்ப்ளைண்டு வந்ததில்லீங்க்கா. ராசியான லேத்து."

பேரிங்கில் கிரீஸ் தடவிக்கொண்டிருந்த தெய்வாத்தாள் தலையைத் தூக்கினார். ஷெட்டில் வேலை செய்யும் மூன்று பெண்களில் மூத்தவர், வாய் சும்மா இருக்காதவர். "ஏனுங்க தம்பி, அதுக்கு ரேசன் கார்டு இருக்குதுங்களா? பதினாலு ஊட்டுல பேரு இருக்குதே!"

எல்லாரும் சிரித்தார்கள், ராமாமணியைத் தவிர. அவர் யோசித்துக்கொண்டிருந்தார். லேத் வந்து நின்றால் எல்லாம் சுலபம். அறுபது கிரைண்டர் கையில் விழும். கட்டத்தில் டிக் போட்டுவிட்டு ஆபீசர் போய்விடுவார். அப்புறம் வெள்ளியங்கிரி? இருபத்தெட்டு வருடமாக ஷாப்ட் கடைந்து தருகிற மனுஷன். வாடகைக்கு வந்த பச்சை லேத் ஒன்று அவர் செய்ததையெல்லாம் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு இரண்டு நாள் இந்த ஷெட்டில் நிற்கும். அதற்கு நீலச் சட்டை வேறு.

"வேண்டாங்க கண்ணு" என்றார். "ஊட்டுக்கு ஒறம்பரை வாராங்கன்னு இரவல் நகையைப் போட்டுட்டு நிக்கச் சொல்றீங்க. கழுத்து அரிக்கும். காப்பி குடிச்சுட்டுப் போங்க."

"அக்கா, ஊரே இப்படித்தானுங்க பண்ணுது!"

"பண்ணட்டுங்க. நான் வேண்டாங்கறனுங்க."

இப்படித்தான் அவர் மறுப்பது. 'ங்க' ஒன்றுகூடக் குறையாது. மோகன்குமார் வாசலைத் தாண்டும்போது கடைசியாக ஒன்று சொன்னான். "அந்த எழுபத்தெட்டைப் போட்டீங்க பாருங்க, அதுலதானுங்க வந்துது வினை."

அதுவும் உண்மைதான். டெண்டரோடு ஒரு சான்றும் தர வேண்டியிருந்தது, பொருளில் உள்நாட்டுப் பங்கு எவ்வளவு என்று. பாதிக்குமேல் இருந்தால் போதும், முதல் வகுப்பு. எல்லாரும் நூறு என்று போட்டுவிடுவார்கள், பேனாவுக்கும் சிரமமில்லை. ராமாமணி இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, ஒவ்வொரு பாகமும் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக் கேட்டு, எழுபத்தெட்டு என்று போட்டார். நூறு போட்டவர்கள் யோக்கியர்களாகவும் எழுபத்தெட்டு போட்டவர் எதையோ மறைக்கிறவராகவும் ஆகிப்போனார்கள். அதே படிவத்தில் 'மதிப்புக்கூட்டல் நடைபெறும் இடங்களின் விவரம்' என்று ஒரு கட்டம். ஒரு வரிக்குத்தான் இடம் இருந்தது. அவர் 'இணைப்பைப் பார்க்கவும்' என்று எழுதி, ஷெட்டையும் சேர்த்து ஒன்பது விலாசம் அடித்த ஒரு தாளை வைத்தார்.

வியாழக்கிழமை பத்தரை மணிக்கு ஆபீசர் வந்தார். கிருபாசங்கர் என்று பெயர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். சென்னை ஆபீசில் வேலை. வந்ததும் ஷெட்டை ஒரு சுற்று பார்த்தார். நாலு சுவர், பொருத்தும் மேசை, மூன்று பெண்கள், ஓட்டிப் பார்க்கும் பலகை, டிரில்லிங் மெஷின். சாக்கை விலக்கிச் சாணை மெஷினையும் ராமாமணியே காட்டினார்.

"இவ்வளவுதானா?"

"இங்க இவ்வளவுதானுங்க சார்."

"அப்ப மனுவுல இருக்கறது சரிதானே?"

"எழுதினதெல்லாம் சரிங்க. முடிச்சதுதான் தப்புங்க."

கிருபாசங்கர் பேனாவை எடுத்தார். "அம்மா, நான் சுருக்கமாச் சொல்றேன். சொந்த மெஷின் இல்லாம உற்பத்தின்னு எழுத முடியாது."

"எந்த விதியிலுங்க சார்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். ராமாமணி மேசை இழுப்பறையிலிருந்து டெண்டர் புத்தகத்தை எடுத்து முன்னால் வைத்தார். எண்பத்து நாலு பக்கம், ஸ்பைரல் போட்டது. "நான் முழுசாப் படிச்சுப்போட்டனுங்க. புரியாததை என்ர தங்கச்சி மகள் ஹர்ஷிணி படிச்சுச் சொன்னாளுங்க, வக்கீலுக்குப் படிக்கறா. லேத்து சொந்தமா இருக்கோணும்னு எந்தப் பக்கத்துலயும் இல்லீங்க. வேலை நடக்கற எடத்தோட விலாசத்தைக் குடுன்னுதான் இருக்குதுங்க. குடுத்திருக்கறன். நீங்க பாக்க வந்தது விலாசத்தைத்தானுங்களே? ஒண்ணைத்தான் பாத்திருக்கறீங்க. இன்னும் எட்டு இருக்குதுங்க."

கிருபாசங்கர் புத்தகத்தைப் புரட்டினார். நெடுநேரம் புரட்டினார். மின்விசிறி பக்கங்களை அவருக்கு முன்பாகவே புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு மணியைப் பார்த்தார்.

"எவ்வளவு தூரம்?"

"கல்லுப் பட்டறை மட்டும் ஊத்துக்குளியிலிங்க. மத்த ஏழும் நடந்தா ரெண்டு கிலோமீட்டருங்க. காருக்குள்ள உக்காந்துட்டா ஒண்ணும் தெரியாதுங்க. சந்தெல்லாம் சின்னது."

நடந்தார்கள். முன்னால் ராமாமணி, பின்னால் ஆபீசர், அவருக்குப் பின்னால் குடையோடு லட்சுமணசாமி. ஏன் வருகிறீர்கள் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. கடைசி சீட்டிலிருந்து எல்லாரையும் பார்த்துக்கொள்ளும் பழக்கம்.

முதலில் வார்ப்புப் பட்டறை. உலை பற்றவைக்க இன்னும் நேரமிருந்தது. கறுப்பு மணலில் புல்லியின் அச்சு, யாரோ தூங்கி எழுந்துபோன இடம் போலப் பதிந்திருந்தது. முதலாளி தம்பிதுரை சலான் கட்டைத் தூசி தட்டிக் காட்டினார். ராமாமணியின் கையெழுத்து பன்னிரண்டு வருடத்துக்குப் பின்னோக்கிப் போனது.

அடுத்தது வெள்ளியங்கிரியின் லேத். ஒரே ஒரு லேத், ஒரே ஒரு ஆள். சுருள் சுருளாக இரும்பு விழுந்துகொண்டிருந்தது.

"நீங்க யாருக்கு வேலை செய்றீங்க?" என்றார் ஆபீசர்.

"காலைல அம்மணிக்குங்க. மத்தியானம் ஒரு பம்பு கம்பெனிக்கு. சனிக்கிழமை ஆரு வந்தாலும் செஞ்சு குடுப்பனுங்க."

"அப்ப இது யாரோட ஃபேக்டரி?"

வெள்ளியங்கிரி லேத்தை நிறுத்தினார். "ஏனுங்க சார், எங்கூட்டு அடுப்புல தோசை சுட்டா என்ர தோசை. ஒறம்பரைக்குச் சுட்டா அது ஓட்டல் தோசை ஆயிருங்களா? ஷாப்ட்டு இதுதான், மைக்ரோமீட்டர் அந்தா கெடக்குது. எடுத்து அளந்து பாருங்க."

கிருபாசங்கர் நிஜமாகவே அளந்தார். இரண்டு இடத்தில் வைத்து அளந்தார். மைக்ரோமீட்டரைத் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்தார். இவர் என்ஜினியர்தான் என்று ராமாமணி அப்போதுதான் நம்பினார்.

சந்து திரும்பியதும் ஆபீசர் மெதுவாகக் கேட்டார். "ஏனுங்கம்மா, லாரியில ஒரு லேத்து கொண்டாந்து எறக்கறேன்னு ஆரும் உங்களைக் கேக்கலீங்களா?"

பேச்சு இந்தப் பக்கத்துப் பேச்சாக மாறியிருந்தது. ராமாமணி நின்றுவிட்டார். "சாருக்கு எந்த ஊருங்க?"

"பெருந்துறைங்க. போன மாசம் ரெண்டு கம்பெனிக்குப் போனனுங்க. ரெண்டுலயும் பச்சை லேத்து. ரெண்டுலயும் ஒரே எடத்துல பெயிண்டு உரிஞ்சிருந்துது. ரெண்டையும் சொந்த மெஷின்னு எழுதிக் குடுத்துட்டு வந்தேன்." அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எழுதறதுக்குக் கட்டம் இருந்துதுங்க. அதனால எழுதிப்போட்டேன்."

லட்சுமணசாமி குடையை ஆபீசர் தலைக்குமேல் கொஞ்சம் நகர்த்திப் பிடித்தார்.

டிரம் உருட்டும் இடம், ஸ்டாண்டு வெல்டிங், புல்லிக்குக் காடி வெட்டுகிற ஒற்றை அறை. பவுடர் பெயிண்ட் கொட்டகையில் ஆபீசரின் வெள்ளைச் சட்டை லேசாகச் சாம்பல் நிறம் ஆனது. ஏழாவதாக சாஜித்தின் கடை. மோட்டார் சுற்றுகிறவன். அவன் அப்பா காலத்திலிருந்து ராமாமணிக்குச் சுற்றித் தருவது அவர்கள்தான். தாமிரக் கம்பியை விரல் நடுவில் ஓட விட்டுக்கொண்டிருந்த சாஜித், வருகிறவர்களைப் பார்த்ததும் ஒரு காரியம் செய்தான். எழுந்து, மூலையில் இருந்த அட்டைப்பெட்டியின்மேல் ஒரு கோணிச் சாக்கைத் தூக்கிப் போட்டான். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அந்த அறையில் அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாதபடி ஆகிவிட்டது.

"அது என்னங்க?" என்றார் கிருபாசங்கர்.

"ஒண்ணுமில்லீங்க சார். வேஸ்ட்டு."

ஆபீசர் பெட்டியைப் பார்த்தார், ராமாமணியைப் பார்த்தார். சாக்கு மூடாத ஓரத்தில் சீன எழுத்து தெரிந்தது. இவ்வளவு நேரம் நடந்ததெல்லாம் அந்த எழுத்துக்குள் போய் விழுந்துவிடும் போலிருந்தது.

ராமாமணி நேராகப் போய் சாக்கை இழுத்துக் கீழே போட்டார். பெட்டியைத் தூக்கி வந்து ஆபீசர் முன்னால் வைத்துத் திறந்தார்.

"கெப்பாசிட்டருங்க. பக்கத்துப் பெட்டியில மோட்டாருக்குள்ள போற எஃகுத் தகடு. பேரிங்கு என்ர ஷெட்டுல இருக்குது, அதுவும் வெளிநாடுதான். நூத்துல இருபத்திரண்டு எங்க போச்சுன்னு நீங்க கேக்கவே இல்லீங்களே சார். இங்கதான் இருக்குது. நல்லாப் பாருங்க." பிறகு சாஜித்தின் பக்கம் திரும்பினார். "ஏன் கண்ணு, நான் எழுதிக் குடுத்ததை நீ எதுக்கு மூடி வெக்கறே? நானென்ன திருடிட்டா வந்தேன்?"

"இல்லீங்க்கா, பாத்தா ஏதாச்சும் சொல்லுவாங்களோன்னு..."

"சொல்லட்டும். நூறுன்னு எழுதினவங்க மூடட்டும். நமக்கெதுக்குச் சாக்கு?"

கிருபாசங்கர் குனிந்து பெட்டியைப் போட்டோ எடுத்தார். பிறகு சாஜித்தின் மேசையிலேயே உட்கார்ந்து, சான்றில் இருந்த கணக்கை வரி வரியாகச் சரிபார்த்தார். அரைமணி நேரம். எழுபத்தெட்டுக்கு எழுபத்தெட்டு வந்தது. சாஜித் டீ வாங்கி வந்தான், ஆபீசர் குடித்தார். ஆய்வுக்குப் போகிற இடத்தில் எதுவும் குடிப்பதில்லை என்று காலையில்தான் தெய்வாத்தாளிடம் சொல்லியிருந்தார்.

ஷெட்டுக்குத் திரும்பியபோது மணி இரண்டு. அறிக்கைப் படிவம் மேசைமேல். 'சொந்த இயந்திரங்கள்: எண்ணிக்கை' என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"இந்த எடத்துல ரெண்டுன்னு எழுதினா மேல இருக்கறவங்க அடுத்த வரியைப் படிக்க மாட்டாங்கம்மா. ஒண்ணு பண்ணலாம். வெள்ளியங்கிரி லேத்தை நீங்க குத்தகைக்கு எடுத்திருக்கறதா ஒரு பேப்பர் குடுங்க. வைண்டிங்குக்கும் அதே மாதிரி. நான் நாலுன்னு எழுதறேன்."

நல்ல மனதோடுதான் சொன்னார். லட்சுமணசாமி ஆவலோடு மனைவியைப் பார்த்தார்.

"அப்படி எழுதறதுக்கு நான் மோகன்குமார்கிட்டயே வாங்கியிருப்பனுங்களே சார். ரெண்டுன்னே எழுதுங்க."

"மோகன்குமார் ஆருங்க?"

"லாரிக்காரருங்க. விடுங்க. ரெண்டுன்னு எழுதுங்க. கீழ, நடந்து போய்ப் பாத்ததை எழுதுங்க. கட்டம் இல்லாட்டித் தனித்தாளுல எழுதுங்க. தாளு நான் தாரேன்."

கிருபாசங்கர் தனித்தாளில் எழுதினார். ஷெட்டும் ஏழு பட்டறையுமாக எட்டு வரி, ஒவ்வொன்றிலும் விலாசம், செய்யும் வேலை, பார்த்த நேரம். ஒன்பதாவதாகக் கல் பட்டறையை எழுதப்போனார்.

"அதை நீங்க பாக்கலீங்களே" என்றார் ராமாமணி.

"ஊத்துக்குளிங்க. இப்பப் போனா என்ர டிரெயின் போயிரும். அதுவும் இருக்கும்னு தெரியுதுங்களே."

"இருக்குதுங்க. ஆனா நீங்க பாக்கலை. எட்டு பாத்தது, ஒண்ணு பாக்காததுன்னு எழுதுங்க. நாளைக்கு ஆராச்சும் இதைத் தோண்டினா ஒம்போதும் பொய்யின்னு ஆயிரக் கூடாதுங்க."

லட்சுமணசாமி தலையில் கை வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். ஆபீசர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். கையெழுத்துப் போட்டார். நகல் வேண்டும் என்றார் ராமாமணி. அதற்கும் ஒரு கையெழுத்து.

இருபது நாள் எதுவும் வரவில்லை. அந்த இருபது நாளும் ராமாமணி ஒரு மண்டபத்து ஆர்டரை முடித்து அனுப்பினார். லட்சுமணசாமி தினமும் மெயில் பார்த்தார். இருபத்தோராவது நாள் கடிதம் வரவில்லை, போன் வந்தது. சென்னை ஆபீசிலிருந்து வேறொருவர், வயதான குரல்.

"வாழ்த்துக்கள்மா. உங்க யூனிட்டைத் தயாரிப்பாளர்னு கமிட்டி ஏத்துக்கிட்டாங்க."

ராமாமணி போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார். தெய்வாத்தாள் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"நன்றிங்க சார்."

"ஆனா அறுபது உங்களுக்குக் கொஞ்சம் அதிகம்னு கமிட்டி நினைக்குது. இடம் சின்னது, வேலை பல இடத்துல நடக்குது. அதனால முப்பது மட்டும் தர்றோம். முதல் தடவைதானே, சந்தோஷமா எடுத்துக்குங்க."

பக்கத்திலிருந்த லட்சுமணசாமிக்கும் கேட்டது. தலையை வேகமாக ஆட்டினார். எடுத்துக்கொள், எடுத்துக்கொள். கையால்கூடக் காட்டினார், பஸ்ஸை நகர்த்தச் சொல்வதுபோல.

"சார், இருநூத்தி நாப்பதுல கால்பங்கு எவ்வளவுங்க?"

"அறுபது. நான் சொல்றது என்னன்னா..."

"முப்பதுன்னா அரைக்கால்பங்குங்க. அரைக்கால்னு விதியில எங்கயும் இல்லீங்களே. வெலையைக் குறைச்சுக் குடுன்னப்ப நான் பாதி மட்டும் குறைக்கறன்னு சொல்லலீங்க. முழுசாக் குறைச்சனுங்க."

"அம்மா, பிடிவாதம் பிடிச்சா இதுவும் கையைவிட்டுப் போகலாம்."

மிரட்டல் இல்லை அது, பழக்கம். அந்தக் குரல் பலபேரிடம் இதைச் சொல்லியிருக்கும். பலபேரும் சரிங்க என்றிருப்பார்கள். ராமாமணிக்கு ஒரு நொடி முப்பது என்பது கண்முன்னால் வரிசையாக நின்றது. முப்பது டிரம், முப்பது ஷாப்ட். சாஜித்துக்கு ஒரு மாத வேலை. வேண்டாம் என்று சொல்லி அதுவும் போனால் எட்டு வாசலிலும் போய் நின்று என்ன சொல்வது? வெள்ளியங்கிரி ஒன்றும் கேட்க மாட்டார். கேட்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

"போகட்டுங்க சார்" என்றார். "ஆனா எதுக்குப் போச்சுன்னு எழுத்துல குடுத்துருங்க. முப்பதுன்னாலும் ஏன் முப்பதுன்னு எழுத்துல குடுங்க. போன்ல சொன்னது எனக்கு மறந்துபோயிருமுங்க, வயசாயிருச்சு."

போன் அணைந்தது. லட்சுமணசாமி தமிழில் ஆரம்பித்தார்: "மனுசன் ஏறின பஸ்ஸுல இருந்து..."

"எறங்கலை" என்றார் ராமாமணி. "டிக்கெட்டுல போட்டிருக்கற ஸ்டாப்புலதான் எறங்குவேன்."

அன்றே ஹர்ஷிணியை உட்கார வைத்து ஒரு பக்கக் கடிதம் அடித்தார். விதி, எண்ணிக்கை, ஆய்வறிக்கையின் நகல். ஒன்பது இடமும் சேர்ந்து மாதத்துக்கு எத்தனை கிரைண்டர் செய்ய முடியும் என்ற கணக்கு. கோபமாக ஒரு சொல் இல்லை. ஹர்ஷிணி ஓர் இடத்தில் 'அநீதி' என்று போட்டிருந்தாள், எடுத்துவிடச் சொன்னார். "அதை அவங்களே படிச்சுக் கண்டுபிடிக்கட்டும் அம்மணி."

பதினோரு நாள் கழித்து உத்தரவு வந்தது. எண்ணிக்கை: அறுபது. தயாரிப்பாளர் என்ற இடத்தில் அவர் பெயர். முப்பது ஏன் என்றும் இல்லை, அறுபது ஏன் என்றும் இல்லை.

லட்சுமணசாமி அதை இரண்டு முறை சத்தமாகப் படித்தார். தெய்வாத்தாள் குலவை போட்டார். ராமாமணி முதலில் வெள்ளியங்கிரிக்குப் போன் செய்து அறுபது ஷாப்ட் என்றார். மறுமுனையில் லேத் நின்றது கேட்டது. பிறகு ஊத்துக்குளிக்குச் சொன்னார். பிறகு, உத்தரவை ஏற்றுக்கொள்வதாக அனுப்ப வேண்டிய பதிலை எடுத்து, கையெழுத்துக்கு மேலே தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தார்.

'முதலில் முப்பது என்று சொன்னதற்கான காரணத்தை எழுத்தில் கேட்டிருந்தேன். அது இன்னும் வரவில்லை. அனுப்பி வைக்கவும்.'

"அதான் வந்திருச்சில்ல, இன்னும் எதுக்கு?" என்றார் லட்சுமணசாமி.

"அடுத்து வர்றவங்களுக்கும் முப்பதுன்னுதான் போன் பண்ணுவாங்க" என்று சொல்லிக்கொண்டே ராமாமணி உறையை ஒட்டினார்.